வாடகை வீட்டைக் காலி செய்யும்போது: அறிவிப்பு கொடுப்பது முதல் அட்வான்ஸ் கைக்கு வரும் வரை

வாடகைக்கு வீடு பார்க்கும்போது நாம் நிறைய விசாரிக்கிறோம். தண்ணீர் வருமா, பள்ளிவாசல் பக்கமா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் கேட்கிறோம். அதே வீட்டைக் காலி செய்யும்போது எவரிடமும் எதுவும் கேட்பதில்லை. "இந்த மாசம் கிளம்புறோம்" என்று மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டு, வண்டி பிடித்துப் போய்விடுகிறோம். சண்டை அதன் பிறகுதான் தொடங்குகிறது.

இதில் மாட்டிக்கொள்வது சின்னத் தொகை அல்ல. மாதம் பத்தாயிரம் வாடகை கொடுக்கும் குடும்பம் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ அட்வான்ஸாகக் கொடுத்திருக்கும். பழைய வீட்டு அட்வான்ஸ் வந்தால்தான் புதிய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும் என்பதே நம்மில் பெரும்பாலோரின் நிலை. அது ஒரு மாதம் தாமதமானால் நகை அடகுக்குப் போகும். வட்டிக்குக் கடன் வாங்கும் சோதனையும் வாசலில் வந்து நிற்கும். ஆகவே வீட்டைக் காலி செய்வதையும் ஒரு கொடுக்கல் வாங்கலாகக் கருதி, முறையாகச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களை மனதில் வைத்து, அதன் படிகளை இங்கே வரிசையாகத் தருகிறோம்.

1. முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

கிளம்பும் எண்ணம் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பீரோவில் இருக்கும் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை முழுதாகப் படிப்பது. ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது?
• காலி செய்ய எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும்?
• இத்தனை மாதம் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா?
• அட்வான்ஸ் தொகை எவ்வளவு, அதை எப்போது திருப்பித் தருவதாக எழுதியிருக்கிறது?
• பெயிண்ட், சுத்தம் செய்தல் என்ற பெயரில் பிடித்தம் எதுவும் எழுதப்பட்டிருக்கிறதா?

நம் ஊரில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்கே போடப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் சொல்வதால் வந்த பழக்கம் அது. 11 மாதம் முடிந்தபின் புதிதாக எழுதாமல் நான்கைந்து வருடம் அப்படியே இருந்துவிடுபவர்களும் உண்டு. அப்படி இருந்தால், பொதுவாக அது மாதவாடகையாகத் தொடர்வதாகவே கருதப்படும்.

தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த சட்டம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் அது வகுக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதனால் நீக்கப்பட்டது. புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவும் செய்ய வேண்டும். உங்கள் ஒப்பந்தத்துக்குப் பதிவு எண் இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு தகராறு வந்தால் அந்த எண்தான் முதலில் கேட்கப்படும்.

2. எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. ஒரு மாதம் என்றால் ஒரு மாதம், இரண்டு என்றால் இரண்டு. ஒன்றுமே எழுதாத மாதவாடகைக்கு, சொத்து மாற்றச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு 15 நாள் அறிவிப்பு போதும் என்கிறது. ஆனால் சட்டம் 15 நாள் என்பதால் நாமும் 15 நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த குடித்தனம் பார்க்க உரிமையாளருக்கும் அவகாசம் வேண்டும். ஒரு மாதம் முன்பே சொல்வதில் நமக்கும் நன்மை இருக்கிறது. அவருக்குப் புதிய ஆள் கிடைத்தால் நம் பணமும் விரைவாக வரும்.

வாடகை மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். 5-ஆம் தேதி குடி வந்தவர் 4-ஆம் தேதிதான் மாதத்தை முடிக்கிறார். "30-ஆம் தேதி காலி செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு 3-ஆம் தேதி வரை இழுத்தால், முழு மாத வாடகை கேட்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். தேதியைத் தெளிவாகச் சொல்லி, அந்தத் தேதியில் கிளம்புங்கள்.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. வாடகை ஒப்பந்தமும் அதில் அடங்கும். உரிமையாளர் முஸ்லிமா, இந்துவா, கிறிஸ்தவரா என்று பார்த்து அதன் கடமை கூடுவதோ குறைவதோ இல்லை.

3. அறிவிப்பை எழுத்தில் கொடுங்கள்

வாய்ச்சொல் போதாது. "நீங்க சொல்லவே இல்லையே" என்ற ஒரு வார்த்தையில் ஒரு மாத வாடகை போய்விடும். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282-ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வது பற்றித்தான் பேசுகிறது. எழுதுவதைச் சந்தேகத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரு தரப்பையும் அது காக்கிறது.

முதலில் நேரில் போய் மரியாதையாகச் சொல்லுங்கள். பிறகு கடிதம் கொடுங்கள். கடிதத்தின் இரண்டாவது பிரதியில் உரிமையாளரின் கையொப்பத்தையும் தேதியையும் வாங்குங்கள். அவர் வெளியூரில் இருந்தால், சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். அதே கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, அவர் பார்த்துப் பதில் போட்டதைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மாதிரி:

"மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு,
தங்களுக்குச் சொந்தமான (கதவு எண், தெரு, ஊர்) வீட்டின் முதல் மாடியில் (தேதி) முதல் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். குடும்பக் காரணங்களால் (தேதி) அன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க இருக்கிறேன். ஒப்பந்தப்படி ஒரு மாதம் முன்பாகவே இந்த அறிவிப்பைத் தருகிறேன். (தேதி) வரையிலான வாடகையை முழுமையாகச் செலுத்திவிடுகிறேன். நான் கொடுத்துள்ள அட்வான்ஸ் ரூ. (தொகை) மீதான கணக்கை, வீட்டைத் தாங்கள் பார்வையிட்ட பின் முடித்து, கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு, (பெயர், கையொப்பம், தேதி)"

ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையொப்பமிட வேண்டும். நம் குடும்பங்களில் கணவர் வளைகுடாவில் இருக்க, வீட்டைக் காலி செய்யும் பொறுப்பு மனைவி மீதோ தாயார் மீதோ விழுவது வழக்கம். அப்போது கணவரே கையொப்பமிட்ட கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பட்டும். சாவியை ஒப்படைக்கவும் கணக்கை முடிக்கவும் மனைவிக்கு அனுமதி தருவதாகவும், பணத்தை எந்தக் கணக்கில் போட வேண்டும் என்பதையும் அதிலேயே ஒரு வரி சேர்க்கட்டும். "ஐயா வந்தாத்தான் அட்வான்ஸ்" என்ற பதிலுக்கு இடம் இருக்காது.

4. எந்த மாதத்தில் கிளம்புவது?

நம்மில் பலர் கவனிக்காத ஒன்று இது. தமிழ்நாட்டில் இந்துச் சகோதரர்களில் பெரும்பாலோர் ஆடியிலும் மார்கழியிலும் புதுவீடு குடிபோக மாட்டார்கள். ஆடி என்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. மார்கழி என்பது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை. இந்த மாதங்களின் தொடக்கத்தில் நாம் வீட்டைக் காலி செய்தால், உரிமையாளருக்கு ஒரு மாதம் வரை வேறு ஆள் கிடைக்காமல் போகலாம். அடுத்தவரிடம் அட்வான்ஸ் வாங்கித்தான் நமக்குத் திருப்பித் தருவது என்று வைத்திருப்பவர், அதுவரை நம்மைக் காக்க வைப்பார்.

ஆகவே முடிந்தால் ஜூலை முதல் வாரத்துக்குள்ளோ, டிசம்பர் முதல் வாரத்துக்குள்ளோ காலி செய்யும்படி திட்டமிடுங்கள். பிள்ளைகள் படிக்கும் வீடு என்றால் மே மாதமே நல்லது. இதன் மறுபக்கமும் உண்டு. நமக்கு அந்த மாதங்களில் தடை எதுவும் இல்லாததால், ஆடியிலும் மார்கழியிலும் வீடு தேடினால் போட்டி குறைவு, பேரம் பேசவும் வசதி.

5. அட்வான்ஸ் கணக்கு

2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வேறுவிதமான உடன்பாடு இல்லாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. புது ஆள் வந்த பிறகுதான் தருவேன் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. இருந்தாலும் நடைமுறையில் அந்தப் பேச்சு வரத்தான் செய்யும். அதனால் அறிவிப்பு கொடுக்கும் நாளிலேயே, "பணம் எந்தத் தேதியில் கிடைக்கும்?" என்று இதமாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வீட்டின் உரிமையாளரிடமும் அட்வான்ஸை இரண்டு தவணையாகத் தர முடியுமா என்று முன்கூட்டியே பேசுங்கள். இரண்டு பக்கமும் தேதி தெரிந்துவிட்டால் இடையில் கடன் வாங்கும் தேவை பெரும்பாலும் வராது.

கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது பரவலான வழக்கம். உரிமையாளர் ஒத்துக்கொண்டால் அது நல்ல ஏற்பாடுதான். திரும்பி வர வேண்டிய தொகை குறைகிறது, தகராறும் குறைகிறது. ஆனால் அவரைக் கேட்காமல் நாமாகவே வாடகையை நிறுத்திக்கொள்வது சரியல்ல. வாடகை மாதாமாதம் தருவதாக ஒப்புக்கொண்ட கடன். அட்வான்ஸ் அவரிடம் வேறு நோக்கத்துக்காகக் கொடுத்த பணம். இரண்டையும் ஒன்றோடொன்று ஈடு செய்ய இரு தரப்பின் சம்மதமும் வேண்டும். சம்மதம் கிடைத்தால் அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம்:

அட்வான்ஸ்: ரூ. 60,000
கழிவு - கடைசிக் கணக்கெடுப்புக்குப் பின் ஓடிய மின்சாரம்: ரூ. 1,140
கழிவு - தண்ணீர், பராமரிப்பு: ரூ. 300
கழிவு - உடைந்த ஜன்னல் கண்ணாடி, ஒரு குழாய்: ரூ. 560
மொத்தக் கழிவு: ரூ. 2,000
திரும்ப வர வேண்டியது: ரூ. 58,000

இப்படி வரி வரியாக எழுதிய கணக்கில் சண்டை வருவது அரிது. "எல்லாம் போக ஐம்பது தர்றேன்" என்ற மொத்தக் கணக்கில்தான் மனக்கசப்பு வரும். எதற்கு எவ்வளவு என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்கும் குரல் மட்டும் தாழ்ந்திருக்கட்டும்.

6. எந்தச் செலவு யாருடையது?

பெயிண்ட் விஷயத்தில்தான் அதிக வாக்குவாதம் நடக்கிறது. அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பழுதுபார்ப்புப் பொறுப்பை இரு தரப்புக்கும் பிரித்துத் தருகிறது.

உரிமையாளர் பொறுப்பு: கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள் (வாடகைதாரர் ஏற்படுத்திய சேதம் நீங்கலாக), சுவர்களுக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுதல், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், மின் வயரிங் வேலைகள்.

வாடகைதாரர் பொறுப்பு: குழாய், வாஷர் மாற்றுதல், கழிவுநீர்ப் பாதையைச் சுத்தம் செய்தல், கழிப்பறை, வாஷ் பேசின், கீசர் பழுது, சுவிட்ச், சாக்கெட் பழுது, பூட்டு, கைப்பிடி மாற்றுதல், உடைந்த கண்ணாடி, கொசுவலை மாற்றுதல்.

புழக்கத்தால் தானாக வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை. ஐந்து வருடத்தில் சுவர் நிறம் மங்குவது தேய்மானம். பிள்ளைகள் கிரேயானால் வரைந்த சுவர், சுத்தியலால் பெயர்ந்த பூச்சு, உடைந்த டைல்ஸ் ஆகியவை சேதம். அவற்றை நாம் சரி செய்து கொடுக்க வேண்டும். காலி செய்ய இரண்டு வாரம் முன்பே வீட்டைச் சுற்றிப் பார்த்து, நாம் செய்ய வேண்டியதை நாமே ஆள் வைத்துச் செய்துவிடுவது மலிவு. அட்வான்ஸிலிருந்து பிடிக்கும்போது அதே வேலைக்கு அதிகம் போகக்கூடும். ஒப்பந்தத்தில் பெயிண்டுக்கென்று ஒரு தொகை எழுதி அதில் நாம் கையொப்பமிட்டிருந்தால், அதை இப்போது மறுத்துப் பேசுவது அழகல்ல. அடுத்த வீட்டு ஒப்பந்தத்தில் அந்த வரியைக் கையொப்பமிடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நாம் வாங்கி மாட்டிய ஃபேன், லைட், தண்ணீர் சுத்திகரிப்பான், ஏசி, கொடிக்கயிறு ஆகியவை நம்முடையவை. கழற்றிய இடத்தில் துளைகளை அடைத்துவிட்டு எடுத்துச் செல்லலாம். வீட்டோடு இருந்த ஃபேனைத் தவறுதலாகக் கழற்றிக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. மின்சாரம், கேஸ், இணையம்

மின்சாரக் கணக்கு தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. நாம் கிளம்பும் நாள் பெரும்பாலும் அதன் நடுவில்தான் வரும். காலி செய்யும் நாளில் மீட்டர் எண்ணை உரிமையாளர் முன்னிலையில் படமெடுங்கள். மின் கட்டணம் யூனிட் கூடக் கூட விகிதமும் ஏறும் படிநிலை முறையில் இருப்பதால், நம் யூனிட்டுகளுக்கு எந்த விகிதம் என்பதில் குழப்பம் வரும். அடுத்த பில் வந்ததும் பங்கு போட்டுக்கொள்வது நியாயமான வழி. இரண்டு மாதத்தில் மொத்தம் 400 யூனிட் ஓடி, அதில் 150 நம்முடையது என்றால், பில்லில் 400-இல் 150 பங்கு நம்முடையது. அதுவரை ஒரு சிறு தொகையை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் தரச் சொல்லலாம்.

கேஸ் இணைப்பில், அதே ஊருக்குள் மாறினால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பித் தர வேண்டியதில்லை. இணைப்பைப் புதிய பகுதியின் விநியோகஸ்தருக்கு மாற்றிக்கொண்டால் போதும். தொலைவிலுள்ள வேறு ஊருக்குப் போவதென்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய விநியோகஸ்தரிடம் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, அவர் தரும் சான்றைப் புதிய ஊரில் காட்டி மீண்டும் இணைப்பு எடுக்க வேண்டும். அந்தச் சான்று தொலைந்தால் சிரமம், பத்திரமாக வையுங்கள்.

இணைய இணைப்பின் மோடம் நிறுவனத்துடையது என்றால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கேபிள், பால், செய்தித்தாள், மளிகைக் கடைப் பாக்கிகளை முன்தினமே முடித்துவிடுங்கள்.

8. சாவி ஒப்படைக்கும் நாள்

சாமான் முழுவதையும் ஏற்றியபின் வீட்டைக் கூட்டித் துடைத்து, குப்பையை அகற்றி, உரிமையாளரை அழைத்து ஒவ்வோர் அறையாகக் காட்டுங்கள். வெறும் வீட்டை, சுவர், தரை, கழிப்பறை, சமையலறை, ஜன்னல் எல்லாம் தெரியும்படி, ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதியாக ஒரு தாளில் இவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்: காலி செய்த தேதி, மீட்டர் எண், ஒப்படைத்த சாவிகளின் எண்ணிக்கை, வீட்டோடு விட்டுச் செல்லும் பொருட்கள், கழிவுகள், திரும்ப வர வேண்டிய தொகை, அது தரப்படும் தேதி.

பணம் வருவதற்கு முன்பே "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று கையொப்பமிடாதீர்கள். பணம் கைக்கு வந்தபின் அசல் ஒப்பந்தத்தில் கணக்கு முடிந்ததாக எழுதி இருவரும் கையொப்பமிடலாம். காசோலையை விட வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடச் சொல்வது நல்லது.

ஆவணங்கள், நகை, மருந்து, பிள்ளைகளின் சான்றிதழ்கள், குர்ஆன் பிரதிகள் ஆகியவற்றை லோடு வண்டியில் ஏற்றாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குளிர்பதனப் பெட்டியை முதல் நாள் இரவே நிறுத்தி உலர்த்திவிடுங்கள்; நிமிர்த்தியே ஏற்றுங்கள்; புதிய வீட்டில் சில மணி நேரம் விட்டு இயக்குங்கள். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி மூன்றையும் தனித்தனியாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கூலியை உடனே கொடுத்துவிடுங்கள்.

9. பணம் வராவிட்டால்

ஒரு மாதம் கடந்தும் பணம் வரவில்லை என்றால் முதலில் நினைவூட்டல் கடிதம். அடுத்து, இரு தரப்பையும் அறிந்த ஒரு பெரியவர். உரிமையாளரும் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர் என்றால் ஜமாஅத் நிர்வாகம் அழைத்துப் பேசினாலே பெரும்பாலும் தீரும். அதற்கும் மசியவில்லை என்றால் வழக்கறிஞர் அறிவிப்பு. பிறகு, அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம். வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு எதுவும் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. தாய்மார்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளரே நம்மைக் கிளம்பச் சொன்னாலும் நடைமுறை இதேதான். அவசரப்படுத்துவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. அதே நேரத்தில், சொன்ன தேதி கடந்தும் காலி செய்யாமல் இழுப்பது நம் பக்கத் தவறு. அது அவருடைய வீடு.

10. ஒத்திக்கு இருப்பவர்கள்

மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகையில்லாமல் இருந்துவிட்டு, முழுத் தொகையையும் திரும்பப் பெறும் ஒத்தி முறை தென்மாவட்டங்களில் அதிகம். சென்னையில் இதை லீஸ் என்பார்கள். கொடுத்த கடனுக்குப் பதிலாக வீட்டைப் பயன்படுத்துவதால் இது வட்டியின் வகையில் சேரும் என்று உலமாக்கள் எச்சரிக்கிறார்கள். ஏற்கெனவே இருப்பவர்கள் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு, நியாயமான வாடகைக்கு மாற்றிக்கொள்ளப் பாருங்கள். வெளியேறுபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். தொகை லட்சங்களில் இருப்பதால், பணம் கணக்கில் ஏறும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள். பத்திரம் பதிவு செய்யப்பட்டிருந்தால் அதை முறைப்படி ரத்து செய்து பதிவு செய்வதையும் அதே நாளில் முடித்துக்கொள்ளுங்கள்.

11. அறையில் சேர்ந்து தங்கும் பிள்ளைகள்

திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும், கல்லூரிப் பக்கத்து அறைகளிலும் நான்கைந்து பேர் சேர்ந்து தங்கும் நம் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. அட்வான்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். பணம் எல்லோருடையதாக இருக்கும். ஒருவர் மட்டும் கிளம்பும்போது உரிமையாளர் பணம் தர மாட்டார். அவருக்குப் பதிலாக வருபவர்தான் தர வேண்டும். ஆகவே சேரும் நாளிலேயே யார் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி எல்லோரும் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும். கிளம்புகிறவர் உரிமையாளரிடமும் அறைத் தோழர்களிடமும் ஒரு மாதம் முன்பே சொல்லட்டும். தன் பங்கு மின்கட்டணத்தைத் தராமல் ஊருக்கு வந்துவிடும் பிள்ளையைப் பெற்றோர் கேட்க வேண்டும். தொகை சிறியதுதான், ஆனால் பிறர் ஹக்.

12. இத்தாவில் இருக்கும் பெண்கள்

கணவர் மரணித்தபின் இத்தாவில் இருக்கும் பெண், கணவரோடு வாழ்ந்த வீட்டிலேயே 4 மாதம் 10 நாள் தங்குவது கடமை. கர்ப்பிணி என்றால் பிரசவம் வரை. அந்த வீடு வாடகை வீடாக இருந்து, காலி செய்யும் தேதி இடையில் வந்தால் என்ன செய்வது? உரிமையாளரிடம் நிலைமையைச் சொல்லி அவகாசம் கேட்பதுதான் முதல் வழி. மனிதாபிமானமாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அவர் மறுத்தாலோ, வாடகை கொடுக்க வசதியே இல்லாவிட்டாலோ, தேவையின் காரணமாக வேறு வீட்டுக்கு மாறி மீதி நாட்களை அங்கே நிறைவு செய்ய மார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் மத்ஹபின்படி விவரங்களை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறந்தவர் கொடுத்திருந்த அட்வான்ஸ் அவர் விட்டுச் சென்ற சொத்தில் சேரும். அது யார் கைக்கு வந்தாலும், கடன்களும் வஸிய்யத்தும் போக வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. பெரிய மகன் வாங்கித் தன் கணக்கில் போட்டுக்கொள்ளும் பணமல்ல அது.

13. முகவரியோடு மாற வேண்டியவை

• குடும்ப அட்டை: இ-சேவை மையத்திலோ பொது விநியோகத் துறையின் இணையதளத்திலோ முகவரி மாற்றம் செய்யலாம்.
• ஆதார்: புதிய வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் மாற்றுங்கள். மற்ற பல மாற்றங்களுக்கு இதுவே ஆதாரமாகும்.
• வாக்காளர் பட்டியல்: குடிபெயர்ந்தவர்களுக்குப் படிவம் 8. பழைய முகவரியிலேயே விட்டுவைத்தால் பட்டியல் சரிபார்ப்பின்போது பெயர் நீக்கப்படலாம். தேர்தல் நேரத்தில் பதறாமல் இப்போதே செய்துவிடுங்கள்.
• பள்ளிக்கூடம்: மாற்றுச் சான்றிதழுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். எட்டாம் வகுப்பு வரை, அந்தச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.
• பாஸ்போர்ட், வங்கி, காப்பீடு: பாஸ்போர்ட்டில் முகவரி மாற மறுவழங்கல் விண்ணப்பம் தேவை. உம்ரா, வேலைப் பயணம் நெருங்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.
• மஹல்லா ஜமாஅத்: பழைய ஜமாஅத்தில் சந்தா பாக்கி இருந்தால் முடித்து, குடிபெயர்வதை எழுதிக் கொடுத்துக் கடிதம் வாங்குங்கள். புதிய மஹல்லாவில் உடனே பதிவு செய்யுங்கள். நாளை பிள்ளையின் நிகாஹுக்குத் தடையில்லாக் கடிதம் வேண்டும். ஜனாஸா நேரத்தில் கப்ருஸ்தானும் வேண்டும். அந்த நாளில் "நீங்கள் எந்த மஹல்லா?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கக் கூடாது. பிள்ளைகளின் மக்தப் மதரஸா மாற்றத்தையும் இதோடு முடித்துவிடுங்கள்.

14. கடைசியாக

கிளம்பும் முன் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு மூன்றுக்கும் சென்று சொல்லிவிட்டு வாருங்கள். வாங்கிய பாத்திரம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மனம் நோகும்படி ஏதாவது பேசியிருந்தால் மன்னிப்புக் கேளுங்கள்.

முஸ்லிம் குடும்பம் என்றதும் "வீடு இல்லை" என்று சொல்லும் வாசல்கள் நகரங்களில் இருப்பதை நாம் அறிவோம். அந்த மனத்தடையைப் பேச்சால் மாற்றுவது கடினம். ஒரு தெருவில் ஒரு குடும்பம் சொன்ன தேதியில், பாக்கியில்லாமல், வீட்டைச் சுத்தமாக ஒப்படைத்துவிட்டுப் போனால், அந்த வீட்டுக்காரர் அடுத்து வரும் நம் குடும்பத்துக்குக் கதவைத் திறப்பார். பக்கத்து வீட்டுக்காரரிடமும் நல்லவிதமாகச் சொல்வார். நாம் விட்டு வரும் வீட்டுக்கு நாளை நம்மில் ஒருவர் போய் நிற்கக்கூடும் என்பதை நினைவில் வைத்துக் கிளம்புவோம். புதிய வீட்டில் அல்லாஹ் உங்களுக்கு நிம்மதியையும் பரக்கத்தையும் தருவானாக.